98 நாளில் பச்சை உடம்பு ஆறிவிடுமா?

2023 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் தனியார் துறைப் பெண்களுக்குப் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம். தொழிற்சங்கங்களும் மகளிர் அமைப்புகளும் பல்லாண்டு காலம் கேட்டுக் கேட்டு வாங்கியது. யாரும் தானமாகத் தரவில்லை.

சரி, 99-ஆவது நாள் காலையில் என்ன நடக்கிறது?

தொழிற்சாலையில் வேலை செய்பவர் மறுபடியும் எட்டு மணி நேரம் நிற்கிறார். துப்புரவுப் பணிப்பெண் தண்ணீர் வாளியைத் தூக்குகிறார். பாதுகாவலராக வேலை செய்யும் பெண் பன்னிரண்டு மணி நேரம் சாவடியில் இருக்கிறார். கழிவறை இருப்பதோ அடுத்த கட்டடத்தில். இவர்களில் ஒருவர் தும்முகிறார், இருமுகிறார், குனிந்து எதையோ தூக்குகிறார். சிறுநீர் கசிந்துவிடுகிறது. யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கிறார். இப்படியே ஒரு வருடம், ஐந்து வருடம், இருபது வருடம்!

இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம், வெட்கப்படாமல். ஆண் வாசகர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட வேண்டாம். உங்கள் மனைவியும் அம்மாவும் உங்களிடம் சொல்லாத விஷயம் இது.

நம் பாட்டிமார்கள் பிள்ளை பெற்றவளைப் "பச்சை உடம்புக்காரி" என்றார்கள். எவ்வளவு சரியான சொல்! முப்பது நாள் பத்தியம், வேப்பிலை போட்ட வெந்நீர்க் குளியல், வயிற்றைச் சுற்றித் துணிக்கட்டு. மலாய்க்காரர்கள் 44 நாள் பந்தாங் இருக்கிறார்கள். அந்த உடம்புக்கு ஓய்வும் கவனிப்பும் வேண்டும் என்று இரண்டு சமூகமும் தெரிந்தே வைத்திருந்தன. ஆனால் தோட்டத்தில் அந்த ஓய்வு எத்தனை பேருக்குக் கிடைத்தது? பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனார்கள். பால் வாளியைச் சுமந்தார்கள். பிறகு செம்பனைத் தோட்டங்களில் 16, 18 லிட்டர் மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்தார்கள். ஐம்பது வயதில் கர்ப்பப்பை இறங்கி, பழைய துணியை மடித்து வைத்துக்கொண்டு நடமாடிய பெண்களை லயன் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் தெரிந்திருக்கும். கேட்டால் "பெத்த வயிறு, அப்படித்தான் இருக்கும்" என்பார்கள்.

அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. நான் சொல்ல வருவது இதுதான்.

இடுப்பெலும்பின் அடியில், முன்பக்க எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, ஒரு தூளி மாதிரித் தசைகள் விரிந்திருக்கின்றன. இடுப்புத்தளத் தசைகள் என்பது இவற்றைத்தான். சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் கீழே இருந்து தாங்குவது இந்தத் தூளி. சிறுநீரும் மலமும் நாம் நினைக்கும் நேரத்தில் மட்டுமே வெளியேறுவதற்கும் இவை உதவுகின்றன. பத்து மாதம் பிள்ளையின் எடையைத் தாங்கி, பிரசவத்தின்போது பல மடங்கு நீண்டு, சில நேரம் கிழிந்தும் போகின்றன. சிசேரியன் என்றாலும் கர்ப்பகாலப் பாரம் பாரம்தான். வயிற்றில் கட்டும் துணி வயிற்றைத் தாங்கும். கீழே இருக்கும் இந்தத் தசையை அது வலுப்படுத்தாது.

இது எங்கோ ஒருத்திக்கு வருவதல்ல. பிரசவத்திற்குப் பிந்திய முதல் மூன்று மாதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீர்க் கசிவு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் 2010-இல் எழுதினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் பங்கேற்று 2023 டிசம்பரில் வெளிவந்த ஆய்வோ, ஆண்டுக்குக் குறைந்தது 4 கோடிப் பெண்கள் பிரசவத்தால் நீண்டகால உடல்நலக் கோளாறுகளுக்கு ஆளாகிறார்கள் என்றது. உடலுறவில் வலி 35 விழுக்காடு, இடுப்பு வலி 32, மலமோ வாயுவோ அடக்க முடியாமை 19 விழுக்காடு. அந்தக் கடைசி எண்ணை மறுபடி படியுங்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்! இதை யார் வாய்விட்டுச் சொல்கிறார்கள்? பிரிட்டனின் மகப்பேறு மருத்துவக் கல்லூரி 2015-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஆசனவாய்த் தசை வரை கிழியும் கடுமையான காயத்திற்கு ஆசிய வம்சாவளியும் ஓர் ஆபத்துக் காரணி என்று குறிக்கப்பட்டிருக்கிறது. அங்கே அப்படிக் காயம்பட்ட பெண்ணை 6 முதல் 12 வாரத்திற்குள் மறுபடி பார்க்க வேண்டும் என்றும், பிசியோதெரபி பலன் தரலாம் என்று அவளுக்குச் சொல்ல வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மருந்து என்ன? பெரும்பாலானோருக்கு அறுவைச் சிகிச்சை அல்ல, மாத்திரையும் அல்ல. பயிற்சி. 1948-இல் ஆர்னல்டு கெகல் என்ற அமெரிக்க மருத்துவர் இதை எழுதி வைத்தார். "கெகல் பயிற்சி" என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இருமினால், தும்மினால் கசியும் வகைக்கு, பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம், நாளுக்கு மூன்று வேளை, வேளைக்குக் குறைந்தது எட்டு முறை இந்தத் தசையை இறுக்கித் தளர்த்துவதுதான் முதல் சிகிச்சை என்று பிரிட்டனின் தேசிய வழிகாட்டி சொல்கிறது.

"மேற்பார்வையில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு தாளைக் கையில் கொடுத்து "வீட்டில் செய்யுங்கள்" என்றால் போதாதா? 1991-இல் அமெரிக்காவில் 47 பெண்களுக்கு வாய்ச்சொல்லால் மட்டும் இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்துச் சோதித்தார்கள். சரியாகச் செய்தவர்கள் பாதிப் பேர். கால்வாசிப் பேர் செய்த விதமோ கசிவை அதிகப்படுத்தக்கூடியது! பிட்டத்தை இறுக்குகிறார்கள், மூச்சை அடக்கிக் கீழே முக்குகிறார்கள். வெளியே தெரியாத தசை. கண்ணாடியில் பார்த்துத் திருத்த முடியாது. அதனால்தான் பழகிய பிசியோதெரபிஸ்ட் வேண்டும். அவர் உங்கள் சம்மதத்தைக் கேட்டு, கையுறை அணிந்து, உள்ளே விரல் வைத்துத் தசை எங்கே இறுகுகிறது என்று பார்ப்பார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. அப்போது வெளியிலிருந்தே பார்த்துச் சொல்லித் தரும் வழிகளும் உண்டு. சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, மாறாக இறுகிப்போய் வலிக்கும். அவர்களுக்கு இறுக்கும் பயிற்சியே தவறு. தளர்த்தத்தான் கற்றுத் தருவார்கள். பக்கத்து வீட்டு அக்காள் சொன்னதைக் கேட்டுச் செய்தால் இந்த வித்தியாசம் எப்படித் தெரியும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என் அலுவலகத்துக்கு வந்தார். குத்தகை நிறுவனம் ஒன்றின் கீழ் துப்புரவு வேலை. வேலை நேரத்தில் அனுமதியின்றி இடத்தை விட்டுப் போனதாக அவருக்குக் காரணம் கேட்கும் கடிதம் கொடுத்திருந்தார்கள். ஒரு நாளில் ஆறு முறை, ஏழு முறை. சூப்பர்வைசர் நேரம் குறித்து வைத்திருந்தார். "எங்கே போனீங்க?" என்று கேட்டேன். தலைவலி என்றார். பிறகு பிள்ளைக்குப் பால் எடுக்க என்றார். முக்கால் மணி நேரம் கழித்துத்தான், "மேடம், எப்படிச் சொல்றதுன்னு தெரியல..." என்று ஆரம்பித்தார். பேட் மாற்றப் போயிருக்கிறார். மூன்றாவது பிள்ளை பிறந்து ஐந்து மாதம். கணவருக்குக்கூடத் தெரியாது. அரசாங்கக் கிளினிக்கில் சொன்னீர்களா என்றேன். "அவங்க பிள்ளை எடையைத்தான் கேட்டாங்க."

கிளினிக் மருத்துவரின் கடிதத்தோடு பதில் எழுதினோம், நடவடிக்கை நின்றது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பரிந்துரை கிடைத்து, சில வாரம் காத்திருந்து, பிசியோதெரபிக்குப் போனார். முழுக்கச் சரியாகவில்லை. ஆனால் பேட் இல்லாமல் பஸ் ஏற முடிகிறது என்று பின்னொரு நாள் சொன்னார். வழக்குக்கூடப் போடாத அந்தக் கோப்பை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். என் தொழில் அது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தில் 42-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. 98 நாள் பற்றித் தெரிந்த பலருக்கு இது தெரியாது. முதலாளிகளின் மனிதவள அதிகாரிகள் சிலருக்கே தெரியாது என்பது என் அனுபவம். பிரசவ விடுப்பு முடிந்த பிறகும், கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உண்டான நோயினால் ஒரு பெண் வேலை செய்ய இயலாத நிலையில் இருக்கிறாள் என்று பதிவுபெற்ற மருத்துவர் சான்று தந்தால், அவள் வராத காலம் விடுப்பு முடிந்து 90 நாளைத் தாண்டும்வரை அவளை வேலையிலிருந்து நீக்குவதோ, நீக்க நோட்டீஸ் தருவதோ குற்றம். குற்றம் என்பதைக் கவனியுங்கள். தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம்.

இந்தப் பிரிவு வேலையைக் காப்பாற்றுமே தவிர, அந்த 90 நாளுக்குச் சம்பளம் தராது. சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு 60எஃப் பிரிவில் இருக்கிறது: இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டிலிருந்து ஐந்தாண்டுக்குள் 18, அதற்கு மேல் 22. இவற்றுக்கெல்லாம் மருத்துவர் தரும் எம்.சி. வேண்டும்; பிசியோதெரபிஸ்டின் சீட்டு போதாது. சிகிச்சைக்குப் போக நேரத்தை மாற்றித் தரும்படி 60பி பிரிவின் கீழ் எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். 60 நாளுக்குள் முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இது 2022 திருத்தத்தில் வந்தது. வாயால் கேட்டு, வாயால் மறுக்கப்பட்டுத் திரும்பி வராதீர்கள். எழுதிக் கொடுங்கள்.

குத்தகை மாறும்போதெல்லாம் வேலைக்கடிதமும் மாறும் நம் பெண்களுக்கு இன்னொரு சிக்கல். பிரசவச் சம்பளம் பெறுவதற்குப் பிரசவத்துக்கு முந்திய நான்கு மாதத்தில் அந்த முதலாளியிடம் வேலையில் இருந்திருக்க வேண்டும். ஒன்பது மாதத்தில் மொத்தம் 90 நாளாவது அவரிடம் வேலை செய்திருக்கவும் வேண்டும். கர்ப்பத்தின் நடுவில் கம்பெனி மாறிவிட்டால் இந்தக் கணக்கு இடிக்கலாம். சம்பளச் சீட்டுகளைப் பத்திரமாக வையுங்கள்.

98 என்ற எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனத்தின் 183-ஆவது ஒப்பந்தம், 2000-ஆம் ஆண்டில் நிறைவேறியது, குறைந்தது 14 வாரம் என்கிறது. 14 வாரம் என்றால் 98 நாள். அதே ஒப்பந்தம் பிரசவத்துக்குப் பிந்திய மருத்துவப் பராமரிப்பும் தாயின் உரிமை என்கிறது. நாட்கணக்கைச் சட்டத்தில் எழுதிவிட்டோம். ஒப்பந்தத்தில் நாம் இன்னும் கையெழுத்து வைக்கவில்லை. ஆனால் 1995-இல் மலேசியா ஏற்றுக்கொண்ட, பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தம் இருக்கிறதே! அதன் 12-ஆவது விதி கர்ப்பம், பிரசவம், பிரசவத்துக்குப் பிந்திய காலம் மூன்றுக்கும் தகுந்த சேவையை, தேவைப்படும் இடத்தில் இலவசமாக, அரசு தர வேண்டும் என்கிறது. இதில் நாம் கட்டுப்பட்டவர்கள்.

நடைமுறையைப் பாருங்கள். வேலைக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து முட்டி பெயர்ந்தால் சொக்சோ உங்கள் பிசியோதெரபியைக் கவனிக்கும். மலாக்காவில் அதற்கென்று பெரிய மறுவாழ்வு மையமே கட்டி வைத்திருக்கிறார்கள். நல்லது. பிள்ளை பெற்றதில் தசை கிழிந்தால்? அது வேலையிட விபத்து அல்ல. தனியார் மருத்துவக் காப்புறுதியை எடுத்துப் பாருங்கள். விலக்குப் பட்டியலில் கர்ப்பமும் பிரசவமும் வழக்கமாக இருக்கும். தனியார் பிசியோதெரபிக்கு ஒரு தடவைக்கே பெரும்பாலும் நூறு ரிங்கிட்டைத் தாண்டிவிடும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். கணக்கை நீங்களே போடுங்கள்.

பிரான்சில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மருத்துவச்சியோ பிசியோதெரபிஸ்டோ இந்தத் தசைக்கான பயிற்சியை வழக்கமாகப் பத்து அமர்வுகளில் தருகிறார்கள். செலவை அரசாங்கக் காப்புறுதி ஏற்கிறது. அங்கே இது ஆடம்பரம் அல்ல. தடுப்பூசி போல ஒரு சாதாரண விஷயம்.

"எல்லாருக்கும் இது தேவையில்லை என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறதே" என்று அமைச்சிலிருந்து யாராவது எழுதக்கூடும். உண்மைதான். 2022-இல் வந்த அதன் பரிந்துரை, கசிவு வராமல் தடுப்பதற்காகப் பிரசவித்த எல்லாருக்கும் வழக்கமாக இப்பயிற்சியைத் தொடங்க வேண்டியதில்லை என்கிறது. மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதே ஆவணம், பிரசவத்துக்குப் பிறகு தாயைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் சிறுநீர் எப்படிப் போகிறது, கசிகிறதா, மலம் எப்படிப் போகிறது, காயம் ஆறுகிறதா என்று கேட்க வேண்டும் என்றும் சொல்கிறது. நான் பிரான்சைப் பிரதியெடுக்கச் சொல்லவில்லை. கேளுங்கள் என்கிறேன். கேட்டு, கசிகிறது என்று சொன்னவளை அனுப்புங்கள் என்கிறேன்.

கேட்பதற்கு ஆளும் இருக்கிறது, அதுவும் இந்நாட்டின் பெருமை. 1957-இல் ஒரு லட்சம் பிறப்புக்குச் சுமார் 280 தாய்மார்கள் இறந்தார்கள். 2019-இல் அது 21. வீடு தேடி வந்த அரசாங்கத் தாதியருக்கும் மருத்துவச்சிகளுக்கும் இதில் பெரும் பங்கு உண்டு. இன்றும் வருகிறார்கள். காய்ச்சல் இருக்கிறதா, தையல் காய்ந்ததா, பால் சுரக்கிறதா என்று கேட்கிறார்கள். அந்தப் பட்டியலில் இன்னும் இரண்டு கேள்வியை, தேவைப்பட்டால் தமிழில் அச்சடித்த அட்டையோடு, சேர்ப்பதற்கு எவ்வளவு செலவாகும்? அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பிந்திய உருவுதல் செய்கிறது. பச்சை உடம்புக்குக் கவனிப்பு வேண்டும் என்பதை அரசாங்கம் ஏற்கெனவே ஒத்துக்கொண்டுவிட்டது. உருவுதலுக்கு இடம் இருந்தால் இதற்கும் இருக்கும்.

மொழியை ஏன் சொல்கிறேன் என்றால், நாட்டு மக்கள் தொகையில் ஏழு விழுக்காட்டுக்கும் குறைவான நாம், எல்லாவற்றையும் பிறமொழியில் சொல்லப் பழகிவிட்டோம். ஆனால் உடம்பின் அந்த இடத்தைப் பற்றி மலாயில் பேச நம் பெண்களில் பலருக்கு வாய் வராது; தமிழிலேயே வருவதில்லை. மொழிபெயர்க்கப் பத்து வயது மகனைக் கூட்டிப் போனால் அவள் என்ன சொல்வாள்? அடையாள ஆவணம் இல்லாத பெண்களின் நிலை இன்னும் மோசம். இந்நாட்டிலேயே பிறந்தும் வெளிநாட்டவர் கட்டணம் கேட்பார்கள் என்று பயந்து மருத்துவமனைப் பக்கமே போகாதவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட், நிபுணர் கிளினிக்கில் 5 ரிங்கிட். பிள்ளை பிறந்து பத்து வருடம் ஆகிவிட்டதென்றாலும் போகலாம். மலம் கசிந்தால், கீழே ஏதோ சதை இறங்குவதுபோல் இருந்தால், சிறுநீர் எரிந்தால், தையல் இடத்தில் வலி விடாமல் இருந்தால் காத்திருக்காமல் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தனியாரிடம் போவதென்றால், 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்டா, இந்தத் துறையில் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். ஃபேஸ்புக்கில் விற்கும் இடுப்புப் பட்டைகளையும் மூலிகைப் புகையையும் வாங்கிக் காசை விடாதீர்கள்.

கிளினிக்கில் வாய் திறக்கச் சங்கடமாக இருந்தால் இதை ஒரு துண்டுத்தாளில் எழுதி நீட்டுங்கள்: "டாக்டர், செலெபாஸ் பெர்சாலின் சாயா தா டாபாட் தாஹான் கென்சிங். தோலோங் ருஜுக் சாயா கெ ஃபிசியோதெராபி." பிரசவித்த பின் சிறுநீரை அடக்க முடியவில்லை, பிசியோதெரபிக்கு அனுப்புங்கள் என்று பொருள். நீங்கள் சொன்னதை மருத்துவர் உங்கள் அட்டையில் எழுதுகிறாரா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் எழுதச் சொல்லுங்கள். பரிந்துரைக் கடிதத்தைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து வையுங்கள். நாளை வேலையிடத்தில் யாராவது கேள்வி கேட்டால் என்னைப் போன்ற ஒருவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.